குடியிருப்பில் வேலை செய்பவர்களுக்கு மரியாதை: எதிலிருந்து தொடங்குவது?

96 வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளராகப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கிறீர்கள். செக்யூரிட்டிகளையும் தூய்மைப் பணியாளர்களையும் அங்கே யாரும் மனிதர்களாகவே மதிப்பதில்லை என்பது உங்களை உறுத்துகிறது. மே தினத்தன்று மேடை போட்டு ஆளுக்கொரு பொன்னாடையும் பரிசுப் பையும் கொடுத்தால் குடியிருப்பவர்களின் மனம் மாறுமா, வேறு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: மரியாதையை மனத்திலிருந்து தொடங்குவதா, ஏற்பாட்டிலிருந்து தொடங்குவதா? குடியிருப்புகளுக்கு ஆட்களை அனுப்பும் ஏஜென்சிகளின் ஒப்பந்தங்களையும் சம்பளப் பட்டியல்களையும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. ரசீதுகளையும் சரிபார்ப்பது என் தொழில். மனமாற்றத்தைப் பற்றி என்னால் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். ஏற்பாட்டைப் பற்றி உறுதியாகச் சொல்லலாம், அதையே விரிவாக எழுதுகிறேன்.

கைதட்டல் எவ்வளவு தூரம் போகும் என்பதை நாம் எல்லோரும் பார்த்துவிட்டோம். கொரோனா காலத்தில் ஓயாமல் உழைத்தவர்களுக்கு நன்றி சொல்ல, 2020 மார்ச் 22-ஆம் தேதி மாலை 5 மணிக்கு நாடு முழுக்க மாடியில் நின்று கைதட்டினோம், தட்டைத் தட்டினோம். அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, 2025 ஆகஸ்டில், சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் மாநகராட்சியின் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கேட்டது பணி நிரந்தரமும், தங்கள் வேலையைத் தனியார் ஒப்பந்தத்துக்கு மாற்றக் கூடாது என்பதும்தான். பாராட்டு வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. உங்கள் குடியிருப்பிலும், சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லாத நேரத்தில், அவரவர் மொழியில் நிதானமாக விசாரித்துப் பாருங்கள். சம்பளம் தேதி தவறாமல் வர வேண்டும், சாப்பிடப் போகும்போது வாசலில் வேறொருவர் நிற்க வேண்டும், கழிப்பறைக்குச் சாவி வேண்டும் என்கிற மாதிரியான பதில்கள்தான் முதலில் வரும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ஏஜென்சி கொடுத்த விலைப் பட்டியலை. பெரும்பாலான சங்கங்கள் மூன்று கொட்டேஷன் வாங்கி, இருப்பதிலேயே குறைந்ததற்குக் கையெழுத்துப் போட்டுவிடும். அந்தக் குறைந்த விலை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஒரு சின்னக் கணக்குப் போட்டாலே விஷயம் வெளியே வந்துவிடும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் முதலாளி பங்காக பி.எஃப். 12, காப்பீடும் நிர்வாகக் கட்டணமும் சேர்த்து 13. இ.எஸ்.ஐ. 3.25. போனஸ் குறைந்தபட்சம் 8.33. கிராஜுவிட்டிக்கு ஒதுக்க வேண்டியது 4.81. வார விடுமுறை நாளில் வந்து நிற்கும் ரிலீவருக்குச் சுமார் 16. இதெல்லாம் சேர்ந்தாலே 145 ரூபாயைத் தாண்டுகிறது. ஈட்டிய விடுப்பு, சீருடை, ஏஜென்சியின் சேவைக் கட்டணம், 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் இதற்கு மேல். இப்போது உங்கள் ஊரில் அந்த வேலைக்கு அரசு அறிவித்திருக்கும் குறைந்தபட்சச் சம்பளத்தை எடுத்து 1.45-ஆல் பெருக்குங்கள். ஏஜென்சியின் விலை, ஜி.எஸ்.டி.க்கு முன், அதைவிடக் குறைவாக இருந்தால் ஏஜென்சி திறமையாக நடக்கிறது என்று பொருள் இல்லை. பி.எஃப். போகவில்லை, அல்லது வார விடுமுறை இல்லை, அல்லது போனஸ் இல்லை. யாருடைய பையிலிருந்தோ எடுத்துத்தான் அந்தத் தள்ளுபடி உங்களுக்கு வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் பஞ்சப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறும். அதனால் ‘இரண்டு ஆண்டுக்கு விலை மாறாது’ என்ற ஒப்பந்த வரியும் இதே வகைதான். ஏப்ரலில் ஏறும் தொகையை ஏஜென்சி கைக்காசு போட்டுக் கொடுக்காது.

அடுத்தது 12 மணி நேர டியூட்டி. காலை 8 முதல் இரவு 8, இரவு 8 முதல் காலை 8 என்று இரண்டே ஷிப்ட். இது ஊர் வழக்கமாகிவிட்டதால் தவறென்றே யாருக்கும் தோன்றுவதில்லை. சாதாரண வேலை நாள் 8 மணி நேரம், அதற்கு மேல் செய்யும் வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். 8 மணிக்கு ஒரு நாள் கூலி, மிச்சம் 4 மணிக்கு இரட்டிப்பாக இன்னொரு 8 மணிக் கூலி. ஆக, 12 மணி நேரம் நிற்கும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு நாள் கூலி சேர வேண்டும். இப்போது உங்கள் குடியிருப்பில் இரண்டு வாசல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். 12 மணி ஷிப்டில் நான்கு பேர், ஆனால் சட்டப்படி தினம் 8 நாள் கூலி. 8 மணி ஷிப்டில் ஆறு பேர், தினம் 6 நாள் கூலி. சட்டப்படி நடந்தால் 12 மணி நேர ஏற்பாடுதான் விலை கூடியது! அது மலிவாகத் தெரிவதற்கு ஒரே காரணம், மிகுதி நேரக் கூலியை யாரும் கொடுப்பதில்லை என்பது.

இதை மாற்றப் போகும்போது பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. 8 மணி நேரமாகக் குறைத்துவிட்டுச் சம்பளத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால் செக்யூரிட்டிகளே எதிர்ப்பார்கள், அது நியாயமும்கூட. ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்து, ஏஜென்சி கொடுத்த அறையில் ஐந்தாறு பேரோடு தங்கி, வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவருக்குக் கையில் வரும் தொகைதான் முக்கியம். நேரம் குறைய வேண்டும், கையில் வருவது குறையக் கூடாது. இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாவிட்டால், முதல் ஆண்டில் வார விடுமுறையையும் மிகுதி நேரக் கூலியையும் சரிசெய்துவிட்டு, ஷிப்டை அடுத்த ஒப்பந்தத்தில் மாற்றுங்கள். 8 மணி நேரமாக்கிய பிறகும் சிலர் வேறிடத்தில் இன்னொரு ஷிப்ட் பார்க்கப் போவார்கள். அதைத் தடுக்க உங்களுக்கு வழியில்லை, உரிமையும் இல்லை.

ஏஜென்சி ‘எல்லாம் கட்டுகிறோம் சார்’ என்று சொல்வதை நம்பிப் பில்லைப் பாஸ் செய்யாதீர்கள். பி.எஃப். பணமும் இ.எஸ்.ஐ. பணமும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். கட்டிய சலான் மட்டும் போதாது. ஏஜென்சியிடம் 300 பேர் இருப்பார்கள், சலானில் மொத்தத் தொகைதான் இருக்கும். இ.சி.ஆர். எனப்படும் பட்டியலைக் கேளுங்கள். அதில் ஒவ்வொருவரின் பெயர், யு.ஏ.என். எனப்படும் அவரது பி.எஃப். எண், சம்பளம், கட்டிய தொகை, பங்களிப்பு இல்லாத நாட்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். உங்கள் வாசலில் நிற்பவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றனவா, அவர்கள் வேலை செய்த நாட்களும் அதில் காட்டிய நாட்களும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். 26 நாள் வேலை செய்தவருக்கு 12 நாள் காட்டியிருப்பது அடிக்கடி கண்ணில் படும் முறைகேடு. இன்னொன்று, சம்பளத்தைத் துண்டு துண்டாக்கிப் பெரும்பகுதியை ‘படி’ என்று காட்டி, பி.எஃப். கணக்குப் போடும் தொகையைச் சுருக்குவது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, இந்தப் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் சம்பளமாகவே கணக்கில் சேரும். பழைய சட்டங்களின் பெயர்கள் இப்போது மாறிவிட்டாலும், மிகுதி நேரத்துக்கு இரட்டிப்பு, மாதச் சம்பளம் 7-ஆம் தேதிக்குள், அபராதம் சம்பளத்தில் 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற மூன்றும் பழையதிலும் இருந்தன, புதியதிலும் இருக்கின்றன.

அந்த 7-ஆம் தேதி விஷயத்தில் தப்பு பல நேரம் சங்கத்தின் பக்கமே இருக்கிறது. மெயின்டெனன்ஸ் பணம் வசூலாகவில்லை என்று ஏஜென்சி பில்லை 40 நாள் இழுத்தடிப்போம். ஏஜென்சி தன் பணத்தைப் போட்டுக் கொடுக்காது. மாதக் கடைசியில் வாடகை கொடுக்க முடியாமல் நிற்பது தரை துடைக்கும் அக்கா. எத்தனை வீடு பாக்கி வைத்திருந்தாலும், ஒரு மாத ஏஜென்சிச் செலவைக் கையிருப்பாகத் தனியே ஒதுக்கிவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்தது. ஒப்பந்தத்தில் சம்பளம் வங்கிக் கணக்கில்தான் போக வேண்டும், அதற்கான அத்தாட்சி வந்தால்தான் அடுத்த பில் என்று எழுதுங்கள். சேர்ந்த முதல் மாதம் சீருடைக்கும் ஷூவுக்கும் பிடித்தம், ஒரு மாதச் சம்பளத்தை ‘டெபாசிட்’ என்று நிறுத்திவைப்பது, வண்டியில் கீறல் விழுந்தால் செக்யூரிட்டி சம்பளத்தில் கழிப்பது என்பதற்கெல்லாம் இடமில்லை என்று தனித்தனியாகப் பெயர் சொல்லி எழுதுங்கள். பொதுவாக ‘சட்டப்படி நடக்க வேண்டும்’ என்ற வரி எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கிறது, அதனால் ஒன்றும் நடந்ததில்லை.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஏஜென்சி இந்தச் சட்டங்களுக்குக் கட்டுப்பட்டது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் குடியிருப்பவர்கள் தங்களுக்காக நடத்தும் சங்கம் ஒரு ‘நிறுவனமா’, ஏஜென்சி வழியாக ஆட்களை வேலைக்கு வைப்பவர் என்ற முறையில் முதன்மை முதலாளியின் பொறுப்பு அதன் தலையில் முழுதாக விழுமா என்பது வழக்குக்கு வழக்கு மாறும். அதை நம்பித் தப்பிக்கலாம் என்று சில சங்கங்கள் நினைக்கின்றன. சட்டம் உங்களை விட்டுவிட்டாலும், அந்த ஆட்களை வேலைக்கு வரவழைத்ததும், நேரம் குறித்ததும், ‘ஆளை மாற்று’ என்று உத்தரவிடுவதும் நீங்கள்தான்.

சம்பளத்துக்கு அடுத்து உடம்பு. துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை செய்த பெண்கள் கோழிக்கோட்டில் போராடிய பிறகு, கேரளம் 2018-இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021-இல் அதே உரிமைக்காகக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அந்தச் சட்டம் குடியிருப்பு வாசலுக்கு நேராகப் பொருந்துமா என்று வாதிடலாம். கால் வலிக்கு அந்த வாதம் தெரியாது. ‘நாற்காலி போட்டால் தூங்கிவிடுவார்கள்’ என்று இரவு ஷிப்டில் நாற்காலியை எடுத்து உள்ளே வைக்கும் கமிட்டிகள் இருக்கின்றன. தூக்கத்துக்குக் காரணம் நாற்காலி என்று நினைப்பது தவறு. 12 மணி நேரம், விடுமுறையில்லாத வாரம், பகலில் தகர அறையில் வரும் அரைத் தூக்கம் இவைதான் காரணம். முதுகு சாயும் நாற்காலி, மின்விசிறி, கொசுவலை அடித்த ஜன்னல், மேற்கு வெயில் விழாத கூரை, குடிதண்ணீர், ஃபோன் சார்ஜ் போட ஒரு பிளக் இருந்தால் அது காவல் அறை. நான்கு பக்கமும் கண்ணாடி வைத்து, விசிறி இல்லாமல் கட்டிய கூண்டு மே மாதத்தில் ஆளை வேகவைத்துவிடும்.

கழிப்பறை விஷயத்தில் நேரில் போய்ப் பாருங்கள், சொல்வதைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். கட்டடத்தில் ‘ஸ்டாஃப் டாய்லெட்’ இருக்கும், வரைபடத்திலும் இருக்கும். நேரில் போனால் பழைய பெயின்ட் டப்பாவும் உடைந்த சைக்கிளும் உள்ளே, பூட்டு வெளியே, சாவி சூப்பர்வைசரிடம். தூய்மைப் பணி செய்யும் பெண்கள் இதற்காகவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு அது நேர் வழி. பெண்களுக்குத் தனி, உள்ளே தாழ்ப்பாள், தண்ணீர், விளக்கு, மூடியுள்ள குப்பைத் தொட்டி, உடை மாற்ற ஒரு மறைவு, பையை வைத்துப் பூட்ட ஓர் அலமாரி. 96 வீட்டுக்குப் பகிர்ந்தால் இது ஒரு முறை செலவு, பெரிய தொகையும் இல்லை. சாப்பிடுவதற்கு மேசையும் பெஞ்சும் போட்ட இடம் வேண்டும். பார்க்கிங்கில் காருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து டப்பா திறக்கும் நிலைக்கு எந்தப் பொன்னாடையும் ஈடாகாது.

குப்பையைக் கையாள்பவரின் கைக்கு நீங்கள் கொடுக்கும் மரியாதை உங்கள் சமையலறையிலேயே தொடங்குகிறது. பயன்படுத்திய நாப்கினையும் டயப்பரையும் உறையிலோ செய்தித்தாளிலோ நன்றாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லின. அதைச் செய்யாதபோது இன்னொரு பெண் வெறும் கையால் பிரித்தெடுக்கிறார். உடைந்த கண்ணாடியைத் தடித்த தாளில் சுற்றி, டேப் ஒட்டி, மேலே ‘கண்ணாடி’ என்று எழுதித் தனியே கொடுங்கள். இன்சுலின் ஊசியை வெறுமனே பையில் போடாமல் மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்துத் தனியே ஒப்படையுங்கள். கையுறை வாங்கும்போது மருத்துவமனையில் போடும் மெல்லிய உறையை வாங்கிக் கணக்குக் காட்டுவார்கள். அது ஒரு மணி நேரத்தில் கிழியும். முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, அதிலும் பெண்களின் கை அளவுக்குச் சின்னது, ஆளுக்கு இரண்டு ஜோடி வேண்டும். ‘கொடுத்தாலும் போடமாட்டேன்கிறார்கள்’ என்ற புகாருக்குப் பாதிக் காரணம் அளவு பொருந்தாததுதான். கழிப்பறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். கலந்தால் குளோரின் வாயு கிளம்பி நெஞ்சை எரிக்கும். இரண்டும் பெயர் ஒட்டாத பழைய தண்ணீர் பாட்டிலில் இருப்பது வழக்கம், அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

இனி சொல்வதில் பேச்சுக்கே இடமில்லை. செப்டிக் டேங்க், கழிவுநீர்த் தொட்டி, எஸ்.டி.பி. எனப்படும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டி எதற்குள்ளும் ஒரு மனிதர் இறங்கக் கூடாது. அடைப்பு எடுக்க ‘ஒரு நிமிஷம்தான்’ என்றாலும் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடும்போது மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போய்விடும், அடுத்த சில மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் விழுவார். இப்படித்தான் ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் சாகிறார்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பதும் ஆபத்து, மீத்தேன் இருந்தால் வெடிக்கும். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, நேராகவோ ஏஜென்சி வழியாகவோ பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் யாரையும் இதில் இறக்குவதைத் தடை செய்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாவு நேர்ந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20-இல் உத்தரவிட்டது, அதற்கு முன் அந்தத் தொகை 10 லட்சமாக இருந்தது. உறிஞ்சு லாரி எண்ணையும் ஜெட்டிங் இயந்திரம் வைத்திருப்பவர் எண்ணையும் காவல் அறைச் சுவரில் எழுதி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு அடைத்துக்கொள்ளும்போதுதான் ‘யாராவது இறங்கட்டும்’ என்ற பேச்சு எழும்.

அவமானம் எங்கே நடக்கிறது என்று கேட்டால், இப்போதெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் என்பேன். அதிகாலை 4 மணிக்குக் கண் அசந்த செக்யூரிட்டியைப் படம் எடுத்து 96 வீட்டுக்கும் அனுப்புவார்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் ஆதார் நகலைப் போட்டு ‘இவரை யாரும் சேர்க்காதீர்கள்’ என்பார்கள். காலையில் ஏஜென்சிக்கு ஒரு ஃபோன், ‘ஆளை மாத்துங்க’. அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. ஏஜென்சி அதை ‘சைட் மாற்றம்’ என்று சொல்லும், நடைமுறையில் அவருக்கு வேலை போயிற்று. அதனால் விதி ஒன்று வையுங்கள்: பணியாளரைப் பற்றிய புகார் செயலாளர் ஒருவருக்கு மட்டும், எழுத்தில். படமும் பெயரும் குரூப்பில் போடக் கூடாது. சம்பந்தப்பட்டவரிடம் இரண்டு நாளுக்குள் நேரில் கேட்க வேண்டும், அவர் நம்பும் ஒருவர் கூட இருக்கலாம். கேட்காமல் மாற்றம் இல்லை. புகார் பொய் என்று தெரிந்தால் அதையும் சொன்னவரிடம் தெரிவிக்க வேண்டும். பணியாளரும் குடியிருப்பவர்மேல் புகார் சொல்ல அதே வழி இருக்க வேண்டும். பெண் பணியாளரிடம் பாலியல் அத்துமீறல் என்றால் சங்கம் பஞ்சாயத்துப் பேசக் கூடாது. ஏஜென்சியின் உள் புகார்க் குழு, வீட்டு வேலை செய்பவர் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு, இரண்டின் தொடர்பும் அவர்களுக்குத் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும்.

வேலைப் பட்டியலும் எழுத்தில் வேண்டும், தமிழிலும் இந்தியிலும். தண்ணீர் கேனை மூன்றாம் மாடிக்குத் தூக்குவது, நாயை நடத்திக்கொண்டு போவது, கார் துடைப்பது எதுவும் செக்யூரிட்டியின் வேலை இல்லை. ஒருவர் ‘அண்ணா, ஒரு நிமிஷம்’ என்று அழைத்துப் போவார், அந்த ஒரு நிமிஷத்தில் வாசலில் பார்சல் காணாமல் போகும், திட்டு அண்ணனுக்கு. முடியாது என்று சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு என்பதைக் குடியிருப்பவர்களுக்கும் சுற்றறிக்கையாக அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் சொல்லமாட்டார்.

கூப்பிடும் விதத்துக்கு வருகிறேன். 60 வயது தாண்டிய பெரியவரைப் பார்த்துப் பத்து வயதுப் பையன் ‘வாட்ச்மேன், கேட்டைத் திற’ என்கிறான் என்றால், அந்த ‘திற’ வீட்டில் கேட்டுப் பழகியது. பெயர் தெரிந்துகொள்ளுங்கள், எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும் என்று கேளுங்கள், ‘வாங்க, போங்க’ என்று பேசுங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. முறை வைத்துக் கூப்பிடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் வாய் நிறைய ‘அக்கா’ என்றுவிட்டு மூன்று நாள் விடுப்புக்குச் சம்பளம் பிடிக்கும் வீடுகளை அந்த அக்காக்களுக்கு நன்றாகவே தெரியும்.

லிஃப்ட்டில் ‘பணியாளர்கள் பயன்படுத்தக் கூடாது’ என்ற பலகையும், காபி கொடுக்கத் தனியாக வைத்திருக்கும் எவர்சில்வர் டம்ளரும் ஒரே வேரில் முளைத்தவை. சுத்தம், பாதுகாப்பு என்று என்ன காரணம் சொன்னாலும், யார் தொட்டது யாருக்கு ஆகாது என்ற பழைய கணக்கு உள்ளே ஓடுகிறது. அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்து முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஒரு லிஃப்ட் பலகை மட்டும் வன்கொடுமைச் சட்டத்தின் கீழ் குற்றமாகுமா என்பது யாரை, எந்த அடிப்படையில், எப்படித் தடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரே வரியில் ஆம், இல்லை என்று சொல்பவரை நம்ப வேண்டாம். ஆனால் பலகையை எடுக்க வழக்குத் தேவையில்லை. ‘சோபா, கட்டில், சிமென்ட் மூட்டை, ஈர பக்கெட் ஏற்றுபவர் யாராக இருந்தாலும் பின்பக்க லிஃப்ட்’ என்று எழுதினால் லிஃப்ட்டும் பாதுகாக்கப்படும், மனிதர்களும் பிரிக்கப்படமாட்டார்கள். வெளியே போகும்போது வேலைக்கார அம்மாவின் பையை மட்டும் சோதிக்கும் வழக்கமும் இதில் சேரும். சோதிப்பதானால் எல்லோருக்கும், இல்லாவிட்டால் யாருக்கும் வேண்டாம்.

இதையெல்லாம் செய்தால் குடியிருப்பவர்களின் மனம் மாறிவிடுமா? அங்கேதான் எனக்கு ஐயம். சம்பளம் உயர்ந்தால் மரியாதை தானாக வரும் என்று சொல்வார்கள், அது பாதிதான் உண்மை. நிரந்தர வேலையில் நல்ல சம்பளம் வாங்கும் தூய்மைப் பணியாளருக்கும் வாடகைக்கு வீடு கேட்டுப் போகும்போது ‘என்ன வேலை?’ என்ற கேள்விக்குப் பிறகு கதவு மூடுவது இன்றும் நடக்கிறது. சாதி ஒட்டிக்கொண்ட வேலைகளில் கூலி மட்டும் போதாது. ஆனால் கூலியும் இடமும் நேரமும் சரியாகும்போது ஒன்று உறுதியாக மாறும்: அந்த மனிதர் ஒருவரின் தயவுக்காகக் கைகட்டி நிற்க வேண்டிய அவசியம் குறையும், நிமிர்ந்து பதில் சொல்வார். சில குடியிருப்பவர்களுக்கு அதுவே முதலில் ‘திமிர்’ என்று தெரியும். அப்படிப் புகார் வந்தால் பயப்படாதீர்கள்.

மே தின விழாவை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முதலில் அவர்களிடமே கேளுங்கள். சீருடையில் வரிசையாக மேடையில் நிறுத்தி, பையைக் கொடுத்து, படம் எடுத்து அனுப்புவதில் பலருக்குக் கூச்சம் உண்டு. வேண்டும் என்றால் அன்று அவர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்து, வாசலைக் குடியிருப்பவர்கள் முறை வைத்துப் பார்த்துக்கொண்டு, விருந்தில் ஒரே பந்தியில் உட்காருங்கள். தீபாவளிக்குக் கொடுக்கும் 8.33 சதவீதம் அவர்களுக்குச் சேர வேண்டிய போனஸ், அதை ‘இனாம்’ என்று கவரில் போட்டுக் கொடுத்துக் கைகூப்ப வைக்காதீர்கள். பரிசு தருவதானால் அதற்கு மேல் தாருங்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் ஏஜென்சிக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007-இல் தொடங்கிய வீட்டுப் பணியாளர் நல வாரியம் உண்டு. பதிவுக்கு ஓர் ஞாயிற்றுக்கிழமை சங்க அலுவலகத்தில் கணினியோடு உட்கார்ந்து உதவினால், விழாவைவிட நீண்ட நாளைக்கு நிற்கும் உதவி அது.

செலவைப் பற்றிப் பொதுக்குழுவில் கேள்வி வரும், கணக்கோடு போங்கள். இரண்டு வாசல், 8 மணி ஷிப்ட், ஆறு பேரும் வார விடுமுறைக்கு ஒரு ரிலீவரும் சேர்ந்து ஏழு பேர். ஆறு பேரின் வார விடுமுறை நாட்கள் ரிலீவர் ஒருவரின் ஆறு வேலை நாட்களுக்குச் சரியாகப் போகும். இப்போது நான்கு பேர் என்றால் கூடுதலாக மூன்று பேர். ஓர் ஆளுக்கு எல்லாம் சேர்த்து ஜி.எஸ்.டி.க்கு முன் மாதம் 25,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 75,000, வரியோடு 88,500. 96 வீட்டுக்குப் பகிர்ந்தால் வீட்டுக்கு 922 ரூபாய். இருக்கும் நால்வரின் விலையும் குறைத்துப் போடப்பட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும், அதை மறைக்காதீர்கள். ரிலீவரை ஆளாகவே சேர்த்துவிட்டதால் ஏஜென்சியின் பட்டியலில் ரிலீவர் கட்டணம் மறுபடியும் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 922 அதிகம் என்று பொதுக்குழு சொன்னால், இரண்டாவது வாசலை இரவு 11 முதல் காலை 5 வரை பூட்டி ஆளைக் குறைக்கலாமா என்று பேசுங்கள். சம்பளத்தில் கை வைக்காமல் செலவைக் குறைக்க இது ஒரு வழி.

ஒப்பந்தம் முடியும் தேதியைப் பார்த்து மூன்று மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். முதல் மாதம் இ.சி.ஆர். சரிபார்ப்பும் பணியாளர்களிடம் விசாரிப்பும். இரண்டாவது மாதம் பொதுக்குழுத் தீர்மானம். மூன்றாவது மாதம் புதிய நிபந்தனைகளோடு விலை கேட்பது, அதில் சம்பளத் தொகையை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டு ஏஜென்சிகளைச் சேவைக் கட்டணத்தில் மட்டும் போட்டியிட விடுவது. தனியார் பாதுகாப்பு ஏஜென்சி என்றால் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படியான உரிமத்தின் நகலையும் வாங்கி வையுங்கள். கழிப்பறைக்கும் நாற்காலிக்கும் மட்டும் இந்த மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், அவற்றை இந்த வாரமே செய்துவிடலாம். தீர்மானத்தைக் கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தில் ஏற்றி, புகார் விதியையும் பில் நிபந்தனையையும் சங்கத்தின் விதிகளில் சேர்த்துவிடுங்கள். கமிட்டி ஆண்டுதோறும் மாறும், உங்களுக்கு அடுத்து வரும் செயலாளர் ஒரே கையெழுத்தில் பழையபடி மாற்றிவிட முடியாத இடத்தில் அது இருக்க வேண்டும்.